நாரைப் பார்க்கப் போய்ப் பூவை அளந்த கதை

போன ஜூலையில் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மைக்ரோஸ்கோப் ரூமிலிருந்து போன் வந்தது. எங்கள் லேபில் பிஎச்டி இரண்டாம் வருஷம் படிக்கும் பெண், திருவண்ணாமலைக்காரி. பேசும்போதே மூச்சு வாங்கியது.

"அக்கா, கொத்துக் கொத்தா தெரியுதுக்கா! ரிசெப்டார் எல்லாம் கும்பல் கும்பலா நிக்குது. ஒவ்வொண்ணும் எண்பது, நூறு நானோமீட்டர். அவ்ளோ அழகா இருக்கு!"

ரிசெப்டார் என்பது செல்லின் மேல் படலத்தில் நின்று வெளிச் செய்தியை வாங்கும் புரதம். தரமணி ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவள் சந்தோஷம் எனக்கும் தொற்றியது. ஆனாலும் என் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"எதுல ஃபிக்ஸ் பண்ணே?"

"நாலு பர்சென்ட் பி.எஃப்.ஏ.லக்கா. பத்து நிமிஷம்."

"வேற எதுவும் சேர்க்கல?"

"இல்லக்கா."

"சரி, டேட்டாவ ரெண்டு எடத்துல காப்பி பண்ணிட்டு ஹாஸ்டலுக்குப் போ. சார்கிட்ட இன்னும் காட்ட வேணாம். காலைல உக்காந்து பேசலாம்."

அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தக் கொத்துகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், என் கையால் தயாரித்த சாம்பிளில், அதே அளவில், அதே அழகில். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், அந்த ரூமில் படம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே என்னென்ன நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சாதாரண மைக்ரோஸ்கோப்பின் எல்லையைத் தாண்டிப் பார்க்கும் சூப்பர் ரெசல்யூஷன் என்றதும் எல்லோரும் லேசரையும் கேமராவையும் பற்றியே பேசுகிறார்கள். கண்ணாடித் துண்டைக் கழுவுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் வேலை அந்தக் கண்ணாடித் துண்டோடுதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஆடி மாதம் சென்னையில் தெருமுனைக்குத் தெருமுனை சவுக்குக் கட்டை கட்டி அம்மன் உருவத்தில் சீரியல் செட் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் போனால் ஒவ்வொரு பல்பும் தனியாகத் தெரியும். தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால் எல்லாம் கலந்து ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். லென்ஸ் வழியாக செல்லைப் பார்க்கும்போதும் இதே தொல்லைதான். 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே என்ற ஜெர்மன் அறிஞர் இதற்குக் கணக்குப் போட்டுச் சொன்னார். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 200 நானோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க முடியாது (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஒளியின் அலைத்தன்மை அப்படி.

இப்போது அந்த சீரியல் செட்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பல்பு மட்டும் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து அதுவும் மங்கலான வட்டமாகத்தான் தெரியும். ஆனால் அந்த வட்டத்தின் நடு எது என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பல்பு, அதற்கடுத்த பல்பு. பத்தாயிரக்கணக்கான தடவை இப்படிக் குறித்தால் தூரத்தில் நின்றபடியே அம்மனின் மூக்குத்திவரை வரைந்துவிடலாம். 2006இல் வந்த பாம் (PALM), ஸ்டார்ம் (STORM) முறைகள் இரண்டும் செய்வது இதைத்தான், பல்புக்குப் பதில் செல்லில் ஒட்டிய ஒளிரும் மூலக்கூறுகள். முதலாவது எரிக் பெட்சிக், ஹரால்ட் ஹெஸ் குழுவினருடையது. இரண்டாவது ஷியாவ்வெய் ஜுவாங் குழுவினருடையது. வேறு வழியில் அதே எல்லையைத் தாண்டிய ஸ்டெட் முறையின் ஸ்டெஃபான் ஹெல்லுக்கும், பெட்சிக்குக்கும், தனி ஒரு மூலக்கூறு ஒளியை உறிஞ்சுவதை முதலில் அளந்த வில்லியம் மோர்னருக்கும் 2014இல் வேதியியல் நோபல் கிடைத்தது. எங்கள் லேபில் ஓடுவது ஸ்டார்ம். பிரிதிறன் சுமார் 20 நானோமீட்டர்.

20 நானோமீட்டர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். சாதாரண மைக்ரோஸ்கோப்பின் மங்கலில் மறைந்துபோகும் அத்தனை தப்பும் இந்த அளவில் வெளியே வந்து நிற்கும்.

கவர் ஸ்லிப்பிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் லென்ஸெல்லாம் 0.17 மில்லிமீட்டர் தடிமனான கண்ணாடிக்குக் கணக்குப் பண்ணிச் செய்தவை. அதனால் கடையில் '1.5' என்று எண் போட்ட கவர் ஸ்லிப்தான் வாங்க வேண்டும். அதிலும் 'எச்' என்று முடியும் ரகத்தில் தடிமன் 0.005 மில்லிமீட்டருக்கு மேல் கூடக் குறைய இருக்காது. விலை அதிகம். புது மாணவர்கள் மேசையில் கிடக்கும் சாதாரண டப்பாவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதில் செல் நன்றாகவே வளரும், சாயமும் நன்றாகவே ஏறும். படம் மட்டும் எவ்வளவு ஃபோகஸ் பண்ணினாலும் ஒரு பக்கம் வழிந்தாற்போல் இருக்கும். இரண்டு நாள் வேலை அந்த ஒரு டப்பாவால் போயிருக்கும்.

டப்பாவிலிருந்து வரும் கண்ணாடி பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் சுத்தம் கிடையாது. கண்ணாடி மேல் ஒட்டியிருக்கும் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் லேசர் பட்டால் தாமே ஒளிரும். நாம் தேடுவது ஒற்றை மூலக்கூறின் ஒளி. அழுக்குப் புள்ளியும் அதே மாதிரி மினுக்கினால் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் சேர்த்துக் குறித்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக டெஃப்லான் ஸ்டாண்டில் நிறுத்தி, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சோனிகேட்டரில் வைத்து, தண்ணீரில் அலசி, எத்தனாலில் அலசி, மறுபடி தண்ணீரில் அலசுவேன். தண்ணீர் கண்ணாடி மேல் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய ஏடாகப் படர்ந்து வழிந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஏடு படரும் நொடியைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

வட்டமான 18 மில்லிமீட்டர் கண்ணாடியில் செல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இன்னொரு தலைவலி. ஒரு தடவை கை தவறிக் கவிழ்ந்துவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஃபோர்செப்ஸின் நுனியால் ஓரத்தில் மிக லேசாகக் கீறிப் பாருங்கள், செல் இருக்கும் பக்கத்தில் மட்டும் கோடு விழும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்ட ஒரு லேப் அசிஸ்டென்ட் அண்ணன். எந்தப் புரோட்டோகால் தாளிலும் நான் இதைப் படித்ததில்லை.

அடுத்து ஃபிக்ஸ் பண்ணுவது. இந்தக் கட்டுரையே இதற்காகத்தான் என்று சொல்லலாம்.

உயிரோடு இருக்கும் செல்லில் எதுவும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. அதை ஒரு கணத்தில் அப்படியே உறையவைக்க வேண்டும். அதற்கு ஊற்றும் ஃபிக்ஸேட்டிவில் உள்ள ஆல்டிஹைடுகள் புரதங்களின் அமீன் பகுதிகளைப் பிடித்து ஒன்றோடொன்று பாலம் போட்டுக் கட்டிவிடும். ஃபார்மால்டிஹைடு சின்ன மூலக்கூறு என்பதால் செல்லுக்குள் வேகமாக ஓடிவிடும், ஆனால் மெதுவாகத்தான் கட்டும். குளூட்டரால்டிஹைடு மெதுவாக நுழையும், நுழைந்துவிட்டால் சட்டென்று இறுக்கிக் கட்டும். செல்லுக்குள் சட்டம்போல் ஓடும், நுண்குழாய் என்று நாம் சொல்லும் மைக்ரோடியூபூலைப் பார்க்க வேண்டுமானால் நான் இரண்டையும் கலப்பேன். 3 சதவீதம் பாராஃபார்மால்டிஹைடு (ஃபார்மால்டிஹைடின் பொடி வடிவம், அவள் சொன்ன பி.எஃப்.ஏ. இதுதான்), 0.1 சதவீதம் குளூட்டரால்டிஹைடு, 37 டிகிரி, பத்து நிமிஷம்.

அந்த 37 டிகிரியை விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் லேபில் ஏசி எப்போதும் 22இல் ஓடும். வெளியே கத்திரி வெயில் கொளுத்துவதால் உள்ளே வந்ததும் இன்னும் குறைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். இன்குபேட்டரிலிருந்து எடுத்த டிஷ்ஷை மேசையில் வைத்துவிட்டு, பிபெட்டுக்கு டிப் மாட்டி, பாட்டில் மூடியைத் திறந்து, பக்கத்தில் யாரிடமோ ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் செல் குளிர்ந்துவிடும். நுண்குழாய்களுக்குக் குளிர் ஆகாது, கழன்று கரைய ஆரம்பித்துவிடும். செல் நொந்துபோனால் நூல்மாதிரி நீண்டிருந்த மைட்டோகாண்ட்ரியா உருண்டை உருண்டையாக உடைந்துவிடும். அதனால் ஃபிக்ஸேட்டிவை வாட்டர் பாத்தில் சூடாக வைத்துக்கொண்டு, இன்குபேட்டர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று ஊற்றுவேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஃபிக்ஸேட்டிவை ஊற்றினால் நீங்கள் படம் பிடிப்பது குளிரில் நடுங்கிய செல்லைத்தான்.

பாராஃபார்மால்டிஹைடு பொடியைக் கரைப்பதும் பொறுமை கேட்கும் வேலை. ஃபியூம் ஹுட்டுக்குள் 60 டிகிரிக்குச் சூடு பண்ணி, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டால்தான் பால்போல் கலங்கியிருந்தது தெளியும். பிறகு பிஎச்சை 7.4க்குக் கொண்டுவர வேண்டும். போன மாதம் கரைத்தது மிச்சமிருக்கிறது என்று எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வைத்திருக்க வைத்திருக்க அது தனக்குள்ளேயே சங்கிலிகளாகச் சேர்ந்துவிடும், கட்டும் திறன் குறையும். கடையில் கிடைக்கும் ஃபார்மலினில் மெத்தனால் கலந்திருக்கும். மெத்தனால் செல்லின் படலத்தைக் குலைத்துவிடும். சாதாரண ஸ்லைடுக்கு அதெல்லாம் போதும். இங்கே போதாது.

குளூட்டரால்டிஹைடுக்கும் விலை கொடுக்க வேண்டும். அது தானே ஒளிரும். அதை அடக்க 0.1 சதவீத சோடியம் போரோஹைட்ரைடை ஏழு நிமிஷம் ஊற்றிவைப்போம். பொடி தண்ணீரில் பட்டதும் சோடா மாதிரி பொங்கும், ஹைட்ரஜன் குமிழி. குமிழி கண்ணாடிக்கு அடியில் சேர்ந்து கவர் ஸ்லிப்பையே தூக்கிவிடும், பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கரைத்த உடனே பயன்படுத்த வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அந்த பாட்டிலை ஒரு நாள் சரியாக மூடாமல் விட்டால் போதும், அடுத்த தடவை பொங்காது. பொங்கவில்லை என்றால் அதை ஊற்றிப் பயனில்லை. இன்னொரு விலை, குளூட்டரால்டிஹைடு சில புரதங்களின் முகத்தையே மூடிவிடும். பிறகு அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி வந்தால் பிடிக்க இடம் இருக்காது. ஒரே ரெசிபி எல்லாவற்றுக்கும் ஒத்துவராததற்கு இதுதான் காரணம்.

இப்படி முன்வேலையில் உயிரைக் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்று எனக்குத் தோன்றும். 1954இல் இதே கிண்டிப் பக்கத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கு என்று சொன்னார்கள். அவர்கள் வைத்துக்கொண்டு வேலை செய்தது நாரில் எக்ஸ்-ரே பட்டு விழுந்த புள்ளிகள். நாரின் இழைகள் ஒரே திசையில் ஒழுங்காக நிற்காவிட்டால் அந்தப் புள்ளிகள் கலங்கிப்போகும். அந்த நாரை எடுத்து நிறுத்திய கைகளைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஃபிக்ஸ் பண்ணி, டிரைட்டான் என்ற சோப்பு மாதிரிப் பொருளால் படலத்தில் துளை போட்டு, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க பி.எஸ்.ஏ. புரதத்தால் பிளாக் பண்ணிய பிறகு ஆன்டிபாடி. பாராஃபிலிம் என்ற மெழுகுபோன்ற தாளை டிஷ்ஷில் விரித்து, அதன் மேல் 50 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, கவர் ஸ்லிப்பைச் செல் பக்கம் கீழே இருக்கும்படி அதன் மேல் கவிழ்ப்பேன். சுற்றிலும் ஈர டிஷ்யூ பேப்பர் வைத்து மூடிவிட்டால் காயாது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அம்மா சாயங்காலம் பூக் கட்டுவாள். கட்டிய சரத்தை ஈரத் துணியில் சுற்றித்தான் வைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அங்க என்னதாம்மா பண்ற, சொல்லு கேப்போம்" என்றாள். பக்கத்தில் வாழைநார் கிடந்தது. எடுத்துக் காட்டினேன்.

"இந்த நார் எவ்ளோ தடிமன்னு நான் பாக்கணும். ஆனா நார் கண்ணுக்குத் தெரியாது. பூ மட்டும்தான் தெரியும். அதனால நாரைச் சுத்திப் பூ கட்டிட்டு, பூவைப் பாக்கறேன்."

அம்மா சரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "அப்போ நீ பாக்கறது சரத்தோட தடிமன்தானே? நாரோடது எப்படி ஆகும்?"

பதினொரு வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு நான் மாணவர்களுக்குச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்ததை அம்மா ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாள். ஒரு ஆன்டிபாடி 10இலிருந்து 15 நானோமீட்டர் நீளம். நாம் வழக்கமாகச் செய்வது இரண்டடுக்கு. முதல் ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்கும், இரண்டாம் ஆன்டிபாடி முதலாவதைப் பிடிக்கும், சாயம் இருப்பது இரண்டாவதில். நுண்குழாயின் உண்மையான விட்டம் 25 நானோமீட்டர். இரண்டடுக்கு ஆன்டிபாடி போட்டு ஸ்டார்மில் எடுத்தால் அது சுமார் 60 நானோமீட்டர் தடிமனாகத் தெரியும். படம் நன்றாக அமைந்தால் நடுவில் இருட்டும் இரண்டு ஓரத்தில் கோடுமாகக் குழாய் போலவே இருக்கும். முதல் தடவை அதைப் பார்க்கும் மாணவர்கள் "குழாய் தெரியுது!" என்று குதிப்பார்கள். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்தால் குழாயின் விட்டத்தைவிட அதிகமாக வரும். அந்தக் கோடுகள் பூ.

"அப்போ சின்னப் பூவா கட்டேன்" என்றாள் அம்மா. "செவ்வந்தி வேணாம், முல்லை அரும்பு கட்டு."

முல்லை அரும்பு இருக்கிறது. ஒட்டகத்தின் ரத்தத்தில் பாதிச் சங்கிலி இல்லாத ஒரு வகை ஆன்டிபாடி இருப்பதை 1993இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதன் நுனியை மட்டும் வெட்டி எடுத்தால் நேனோபாடி. எடை சாதாரண ஆன்டிபாடியில் பத்தில் ஒரு பங்கு, அளவு மூன்று நான்கு நானோமீட்டர்தான். ஆனால் எல்லாப் புரதத்துக்கும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். ஆகவே பெரும்பாலும் செவ்வந்தியேதான் கட்டுகிறோம். கட்டுவது செவ்வந்தி என்று மறக்காமல் இருக்க வேண்டும்.

பூக்களுக்கு நடுவே இடைவெளியும் முக்கியம். சீரியல் செட்டில் பாதி பல்பு இல்லாவிட்டால் அம்மனின் புருவம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. 20 நானோமீட்டர் நுணுக்கம் வேண்டுமானால் 10 நானோமீட்டருக்கு ஒரு சாயமாவது இருக்க வேண்டும். குறைவாகச் சாயம் ஏறிய நுண்குழாய் விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்து இழை அறுந்திருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. சாயம் ஏறி முடிந்ததும் மறுபடியும் ஒரு தடவை ஃபிக்ஸ் பண்ணுவோம், ஆன்டிபாடி கழன்று நகராமல் இருக்க.

கடைசியாக பஃபர், படம் எடுக்கும்போது செல்லைச் சுற்றி நிற்கும் கரைசல். அலெக்ஸா ஃபுளோர் 647 என்ற சாயம் தானாக மினுக்காது. அதை அணைத்து அணைத்து எரியவைக்க எம்.இ.ஏ. என்ற தயால் (கந்தகம் உள்ள சேர்மம்) சேர்க்க வேண்டும். கெட்டுப்போன முட்டை வாடை. சேர்த்த அன்றைக்கு வீட்டுக்குப் போனால் என் பையன், "அம்மா, இன்னைக்கு ஸ்டார்மா?" என்று கேட்டுவிடுவான். கூடவே குளுக்கோஸும், ஆக்ஸிஜனைத் தின்ன குளுக்கோஸ் ஆக்ஸிடேஸும், அதில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்க கேட்டலேஸும் வேண்டும். இந்த வேலையில் குளுக்கோனிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகும், மே மாதத்து மாவு மாதிரி பஃபர் புளித்துவிடும். பிஎச் 8இலிருந்து இறங்க இறங்க மினுக்கல் கெடும். காற்றுப் புகாதபடி தளும்ப ஊற்றி, குமிழி இல்லாமல் மூடினால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். எம்.இ.ஏ. பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் முழுவதும் அந்தக் குளிர்ந்த பொடியில் இறங்கிக் கட்டியாகிவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை அரை மணி நேரம் சும்மா வைத்திருங்கள்.

எல்லாம் முடிந்து படம் எடுக்க இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் ஏசிக் காற்று ஸ்டேஜ் மேல் பட்டால் சாம்பிள் நகர்ந்துவிடும். அதற்குத்தான் தங்கத் துகள்களை அடையாளத்துக்கு ஒட்டிவைப்போம். மற்றபடி அது மெஷினின் வேலை.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவ்வளவு விலையுள்ள மெஷின் இல்லாத கல்லூரிகள்தான் நம்மிடம் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது விரிவாக்க முறை. 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட் பாய்டன் குழு வெளியிட்டது. ஃபிக்ஸ் பண்ணிச் சாயம் ஏற்றிய செல்லுக்குள் சோடியம் அக்ரிலேட் ஜெல்லை உண்டாக்கி, புரதங்களை நொதியால் அறுத்துவிட்டு, தண்ணீரில் போட்டால் ஜெல் எல்லாத் திசையிலும் நாலு மடங்குக்கு மேல் ஊதும். குழந்தைகளின் டயப்பரில் தண்ணீரை உறிஞ்சும் அதே வகைப் பொருள். சாயப் புள்ளிகளும் ஜெல்லோடு சேர்ந்து விலகும். பிறகு சாதாரண கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பே போதும். அந்த ஜெல்லில் சேரும் அக்ரிலமைடு விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பணத்தைவிட கைப்பழக்கம் அதிகம் கேட்கும் முறை. நம் பிள்ளைகளிடம் கைப்பழக்கம் இருக்கிறது.

இப்போது எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை.

செல் படலத்தில் இருக்கும் ஒரு ரிசெப்டார். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, பத்து நிமிஷம், பிறகு இரண்டடுக்கு ஆன்டிபாடி. படத்தில் கொத்துக் கொத்தாக வந்தது. மூன்று மாதம், பதினேழு சாம்பிள், ஒவ்வொன்றிலும் கொத்து. திரும்பத் திரும்ப வந்ததால் உண்மை என்று நம்பினோம். பெரிதாக அச்சடித்து டிபார்ட்மென்ட் வராந்தாவில் மாட்டினார்கள். அடிக்கும் கறுப்பில் ஆரஞ்சு நிறக் கொத்துகள், நட்சத்திரக் கூட்டம் மாதிரி. வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். என் கையால் செய்த சாம்பிள் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு ஒரு நாள் 2010இல் வந்த ஒரு ஜப்பானியக் குழுவின் கட்டுரையைப் படித்தேன். ஃபார்மால்டிஹைடு போட்ட பிறகும் படலத்தில் இருக்கும் பல மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டேதான் இருக்கின்றன என்று காட்டியிருந்தார்கள். படலம் கொழுப்பு. ஆல்டிஹைடு கொழுப்பைக் கட்டாது. புரதம் அந்தக் கொழுப்பில் மிதந்துகொண்டே இருக்கும். ஆன்டிபாடிக்கு இரண்டு கை. ஒரு கையால் ஒரு ரிசெப்டாரையும் மறு கையால் இன்னொன்றையும் பிடிக்கும். இரண்டாம் ஆன்டிபாடி வந்து அந்த ஜோடிகளைக் கோத்து இழுக்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் கொத்து தயார். அந்த ரிசெப்டார்களை அப்படிச் சேர்த்துவைத்தது என் பாராஃபிலிம் மேலிருந்த சொட்டு.

இதோடு முடியவில்லை. ஒரே சாயம் அணைந்து அணைந்து பல தடவை எரியும். ஒவ்வொரு தடவையும் சில நானோமீட்டர் தள்ளிக் குறிக்கப்படும். ஒற்றை மூலக்கூறே ஒரு சின்னக் கும்பலாகத் தெரிந்துவிடும்.

0.2 சதவீத குளூட்டரால்டிஹைடு சேர்த்து மறுபடி செய்தேன். கொத்து போய்விட்டது. மறுபடி செய்தேன், இல்லை. அன்றைக்குச் சார் ரூமுக்குப் போய்ச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல வேளை, பேப்பர் அனுப்பறதுக்கு முன்னாடி பாத்தீங்க" என்றார். வராந்தாவிலிருந்த படத்தை நானே ஏணி போட்டு இறக்கினேன். சுவரில் நாலு ஆணித் தடம் ரொம்ப நாள் இருந்தது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்.

ஆகவே அந்தத் திருவண்ணாமலைப் பெண்ணிடம் மறுநாள் காலை இதையெல்லாம் சொன்னேன். கேன்டீனில் பொங்கல் ஆறிப்போய்க் கிடந்தது, அவள் தொடவில்லை.

"அப்போ நான் பாத்தது பொய்யாக்கா?"

"தெரியாது. பொய்யா நெஜமான்னு கேக்கறதுக்கு சாம்பிள் பண்ணணும். உன் சாம்பிள் அந்தக் கேள்விய இன்னும் கேக்கல."

ஐந்து கவர் ஸ்லிப் என்று முடிவு பண்ணினோம். ஒன்று அவள் செய்தபடியே. ஒன்றில் குளூட்டரால்டிஹைடு சேர்த்து. ஒன்றில் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும், முதலாவது இல்லாமல், அது சும்மா எங்கெங்கே போய் ஒட்டுகிறது என்று பார்க்க. ஒன்றில் முதல் ஆன்டிபாடியைப் பத்து மடங்கு நீர்த்து. உண்மையான கொத்தாக இருந்தால் ஆன்டிபாடியைக் குறைத்தாலும் கொத்துகள் அதே இடங்களில், அதே அளவில், மங்கலாகத் தெரிய வேண்டும். கடைசியாக, செல்லே இல்லாத வெறும் கண்ணாடியில் ஆன்டிபாடியை மிக மிக நீர்த்து ஒட்டியது. ஒரு சாயம் தனியாக இருக்கும்போது எத்தனை தடவை மினுக்குகிறது, எவ்வளவு தூரம் சிதறுகிறது என்று அதில் எண்ணிக்கொள்ளலாம்.

ஃபிக்ஸேட்டிவ் ஊற்றும்போது அவள் கை நடுங்கியது. ஊற்றிய நேரத்தை நோட்டில் நொடியோடு எழுதினாள், நான் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து இரண்டு பேரும் ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்தோம். குளூட்டரால்டிஹைடு போட்டதில் அந்தப் பெரிய கொத்துகள் காணோம். ரிசெப்டார்கள் படலம் முழுக்கத் தூவினாற்போல் இருந்தன. வெறும் கண்ணாடியின் எண்ணிக்கையைக் கழித்துப் பார்த்ததில் பெரும்பாலானவை ஒற்றைப் புள்ளி. அவள் ஒன்றும் பேசாமல் சுட்டியை உருட்டிக்கொண்டே போனாள். செல்லின் ஓரத்தில், கால் நீட்டிய மாதிரி மெலிந்து போகும் இடத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, இங்க பாருங்க. இது மட்டும் போகல."

முப்பது நானோமீட்டர் இருக்கும், நாலைந்து புள்ளிகள் சேர்ந்தாற்போல். பக்கத்தில் இன்னொன்று. நீர்த்த சாம்பிளைத் திறந்தோம். அதிலும் ஓரத்தில்தான், இதே அளவில், மங்கலாக. வேறு எங்கும் இல்லை.

"இது நெஜமாக்கா?"

"எனக்குத் தெரியல" என்றேன். "இந்த அளவுக்குப் பூவே பெருசு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "இந்த ரிசெப்டாருக்கு நேனோபாடி கிடைக்குமாக்கா? இல்லன்னா சின்னதா ஒரு டேக் வெச்சு, அந்த டேகுக்கு நேனோபாடி போடலாம்ல?"

போடலாம். டேக், அதாவது ரிசெப்டாரோடு ஒட்டிய ஒரு சின்ன அடையாளத் துண்டு, வைத்த செல்லை வளர்த்து எடுக்கவே இரண்டு மாதம் ஆகும் என்றேன். பரவாயில்லை என்றாள். புது கவர் ஸ்லிப் டப்பாவை எடுத்து, எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் நிறுத்த ஆரம்பித்தாள்.